ஐக்கிய சகோதரர்: தரங்கம்பாடித் தாவரவியல் கழகமும் தமிழ் அகராதியியலும்

முன்னுரை

தமிழர் சமையலில் நாள்தோறும் இடம்பெறும் கறிவேப்பிலைக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் பெர்கெரா கோனிகி என்பதாகும். முர்ராயா கோனிகி என்ற பெயரும் பரவலாக வழங்குகிறது. பேரினப் பெயர் மாறினும் ‘கோனிகி’ என்ற சிற்றினப் பெயர் மாறவில்லை. 1771ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். பெயருக்குரியவர் அவருடைய மாணவரும் தரங்கம்பாடி மிஷனின் மருத்துவருமான ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் (1728–1785) ஆவார்.

கோனிக்கை நடுவாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் தாவர ஆய்வுக் கழகம் ஒன்று உருவாயிற்று. ‘ஐக்கிய சகோதரர்’ என்று பொருள்படும் பெயரால் அது வழங்கப்பட்டது. இந்தியத் தாவரவியல் வரலாற்று நூல்கள் இதனைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. தமிழாய்வில் இது போதிய கவனம் பெறவில்லை. தமிழில் தாவரம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் சங்க இலக்கியத்தை மையமிட்டதாகும். குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களை அடையாளங்காணும் முயற்சிகளும், பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ போன்ற நூல்களும் இவ்வகையில் பெரும்பணி ஆற்றியுள்ளன. எனினும், இவ்வாறு அடையாளங்காணும்போது நாம் துணைகொள்ளும் அகராதிகளில் தமிழ்ப் பெயருக்கு எதிரே உள்ள லத்தீன் பெயர் எவ்வாறு வந்தது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி தரங்கம்பாடியில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தமிழர் வாய்மொழியிலிருந்து பெறப்பட்ட தாவர அறிவு இக்கழகத்தாரின் கைவழியே லத்தீனுக்குச் சென்றதையும், அவர்களுள் ஒருவரின் வழியாகத் தமிழ் அகராதிக்குத் திரும்பியதையும், அப்போக்குவரத்தில் அறிவை வழங்கியோரின் பெயர்கள் விடுபட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கழகத்திற்கு முற்பட்ட முயற்சிகள்

இந்திய மண்ணின் தாவரங்களைப் பற்றி ஐரோப்பியர் தொகுத்த முதற்பெரும் நூல் ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ ஆகும். டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த இந்நூல் கேரளத் தாவரங்களைப் பற்றியது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணிப் பிராமணர் மூவரும் வழங்கிய சான்றுரைகள் இந்நூலின் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டன. அறிவை வழங்கியவரின் பெயர் அச்சேறியமையால்தான் இட்டி அச்சுதன் இன்றும் அறியப்படுகிறார். இச்செய்தி பின்னர் வரும் ஒப்பீட்டுக்கு இன்றியமையாதது.

தமிழகக் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சுற்றுப்புறத் தாவரங்களைத் தொகுத்து லண்டனுக்கு அனுப்பினார். அவற்றுடன் தாவரங்களின் ‘மலபார்’ பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் எழுதியனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அக்கால ஐரோப்பியர் தமிழ்மொழியையே ‘மலபார்’ என்று வழங்கினர். 1779இல் வேப்பேரியில் அச்சான பெப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதியும் ‘மலபார்’ அகராதி என்ற பெயரையே தாங்கியிருந்தது. ஆகவே பிரவுன் அனுப்பியவை தமிழ்ப் பெயர்களே.

தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் நிலைகொண்டனர். 1706இல் சீகன்பால்கு வந்தடைந்தார். அவருடைய துணைவர் கிரண்ட்லர் 1711இல் ‘மலபார் மருத்துவன்’ என்று பொருள்படும் தலைப்பில் தமிழ் மருத்துவம் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். ஆக, கோனிக் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் மருத்துவச் சுவடியறிவு தரங்கம்பாடி வழியே ஐரோப்பாவை எட்டத் தொடங்கிவிட்டது. ஆயினும் இவை தனிமனித முயற்சிகள். தாவர ஆய்வுக்கெனப் பலர் ஒன்றுகூடிய அமைப்பு அதுவரை தோன்றவில்லை.

கோனிக்கும் கழகத்தின் தோற்றமும்

கோனிக் லின்னேயஸிடம் நேரடியாகப் பயின்றவர். ஐஸ்லாந்தில் தாவரங்கள் தொகுத்தபின் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். ஈரிடு பெயர்முறையை லின்னேயஸ் தாவரங்களுக்கு முழுமையாகக் கையாண்டது 1753இல்தான். அம்முறையை நன்கு அறிந்த ஒருவர் பதினைந்தே ஆண்டுகளில் காவிரிக் கழிமுகத்திற்கு வந்துசேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மிஷன் வழங்கிய ஊதியம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. 1770களில் அவர் ஆர்க்காட்டு நவாபின் பணியிலும், 1778இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலார் பணியிலும் அமர்ந்தார். சயாம், மலாக்கா வரை சென்று இஞ்சிக் குடும்பத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்தார். 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் காலமானார். அவருடைய கையெழுத்துச் சுவடிகள் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸைச் சென்றடைந்தன.

கோனிக்கைச் சுற்றி அமைந்த கழகத்தைப் பற்றி ஜே.டி. ஹூக்கரும் தாமஸ் தாம்சனும் 1855இல் வெளியிட்ட ‘ஃப்ளோரா இண்டிகா’ நூலின் முன்னுரை எடுத்துரைக்கிறது. தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்த ஜான், ரோட்லர், கிளைன் ஆகியோரும், மொரேவிய சபையைச் சார்ந்த ஹெய்னேயும், கம்பெனி மருத்துவர்களான ராக்ஸ்பர்க், ஆண்டர்சன், பெர்ரி, ஃபிளெமிங், ஹண்டர், புக்கானன் முதலியோரும், வங்கத்தில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸும் இவ்வட்டத்தினராகக் கூறப்படுகின்றனர். இப்பட்டியலில் உள்ளோர் ஒரே காலத்தவர் அல்லர். ஜோன்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1783இல். ஹெய்னே பிறந்ததே 1770இல். ஆகவே இதனை ஒரே நாளில் நிறுவப்பெற்று ஒரே இடத்தில் கூடிய சங்கமாகக் கருதுதல் பொருந்தாது. தரங்கம்பாடியில் வேர்கொண்டு சென்னை, சாமல்கோட்டை, கல்கத்தா எனக் கிளைத்து, மடல்களாலும் உலர்தாவரத் தாள்களாலும் பிணைக்கப்பட்ட ஒரு வட்டம் எனக் கொள்வதே ஏற்புடைத்து. 1788இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற பீட்டர் ஆங்கர் காலத்தில் தரங்கம்பாடியில் தோன்றிய, விரிந்த நோக்குடைய மற்றொரு கழகத்தினின்றும் இது வேறானது.

‘நம்மால்’ எனும் கூட்டுப்பெயர்

இக்கழகத்தின் செயல்முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒருவர் தொகுத்த தாவரம் உலர்த்தப்பட்டு ஏனையோருக்கு அனுப்பப்படும். அனைவரும் கலந்து ஒரு பெயரை ஒப்புவர். அவ்வாறு ஒப்பிய பெயருடன் ‘நோபிஸ்’ என்ற லத்தீன் சொல்லை எழுதுவர். ‘நம்மால்’ என்பது இதன் பொருள். பெயர்சூட்டும் உரிமையைத் தனியொருவர் கோராமல் கூட்டாக ஏற்ற இம்முறை, ‘சகோதரர்’ என்ற பெயருக்குப் பொருத்தமானதே.

ஆயினும் அப்பெயர்களை அச்சில் வெளியிடும் வாய்ப்பு அவர்களுக்குத் தரங்கம்பாடியில் இல்லை. நூலகமும் ஒப்பிடுதற்குரிய தாவரத் தொகுப்புகளும் ஐரோப்பாவிலேயே இருந்தன. எனவே தாவரங்கள் லுண்ட் நகர ரெட்சியஸுக்கும், கோபன்ஹேகன் வாலுக்கும், பெர்லின் வில்டெனோவுக்கும், பிறருக்கும் அனுப்பப்பட்டன. 1779 முதல் 1791 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த ரெட்சியஸின் நூலில் கோனிக்கின் இஞ்சிக் குடும்ப விளக்கங்கள் இடம்பெற்றன. ஹெய்னே தொகுத்த தாவரங்களைக் கொண்டு ரோத் 1821இல் தனிநூல் வெளியிட்டார். ரோட்லர் 1799–1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை மேற்கொண்ட பயணத்தின் தாவரக் குறிப்புகளை வில்டெனோ 1803இல் பெர்லினில் பதிப்பித்தார். இப்பயணக் குறிப்பைத் திருச்சிராப்பள்ளி ராபினாட் தாவரகத்தின் கே.எம். மேத்யூ 1993இல் மொழிபெயர்த்து விளக்கவுரையுடன் வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றின் தடம் இன்றைய தாவரப் பெயர்களிலும் உள்ளது. மலையாவாரைக்கு வழங்கிய காசியா மொன்டானா என்ற பெயரின் பின்னே ‘ஹெய்னே எக்ஸ் ரோத்’ என எழுதுவது தாவரவியல் மரபு. ஹெய்னே வைத்த பெயரை ரோத் முறைப்படி வெளியிட்டார் என்பது இதன் கருத்து. ‘எக்ஸ்’ என்ற லத்தீன் சொல் ‘இருந்து’ என்று பொருள்படும் நீங்கற்பொருள் முன்னிடைச்சொல்லாகும். ரோத் ஹெய்னேயிடமிருந்து பெற்றார் என்பது பதிவாகியுள்ளது. ஹெய்னே எவரிடமிருந்து பெற்றார் என்பதற்கு அம்மரபில் இடமில்லை.

தமிழ்ப் பெயர்முறையும் லின்னேய முறையும்

லின்னேயஸ் 1751இல் வெளியிட்ட ‘ஃபிலாசஃபியா பொட்டானிகா’வில் கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்களிலிருந்து வாராத பேரினப் பெயர்களை விலக்க வேண்டும் என விதித்தார். அவ்விதியின்படி தமிழ்ப் பெயர் பேரினப் பெயராவதற்குத் தகுதியற்றது. ஆயினும் தமிழில் முன்னரே ஒரு பெயர்முறை இருந்தது. பொதுப்பெயரோடு அடைசேர்த்து வகை சுட்டும் முறை அது. கரு, வெண், சிறு, பெரு, காட்டு, பேய், நாய் முதலிய அடைகள் நிறம், அளவு, இடம், பயனின்மை ஆகியவற்றைச் சுட்டி நின்றன. ஈரிடு பெயர்முறையோடு வடிவ ஒப்புமை உடையதாயினும் இதன் அடிப்படை வேறு.

சான்றாக, சிறுநெருஞ்சில், பெருநெருஞ்சில் என்னும் இரண்டும் தமிழில் ஒரே பொதுப்பெயர் கொண்டவை. தாவரவியலில் முன்னது ட்ரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ், பின்னது பெடாலியம் மியூரெக்ஸ். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தவை. லின்னேய முறை பூவின் உறுப்புகளை நோக்கிப் பிரிக்கிறது. தமிழ்முறை முள்ளையும் மருந்துப் பயனையும் நோக்கிச் சேர்க்கிறது. இதற்கு மாறாக, கீழாநெல்லியும் மேலாநெல்லியும் தமிழிலும் தாவரவியலிலும் ஓரினத்தவையே. முன்னது ஃபில்லாந்தஸ் அமாரஸ், பின்னது ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். சென்னையின் பெயரையே தாங்கிய இப்பின்னதை லின்னேயஸ் 1753இலேயே குறித்துள்ளார். இரு முறைகளும் ஓரிடத்தில் ஒன்றுபட்டும் பிறிதோரிடத்தில் வேறுபட்டும் செல்வதால், களத்தில் தாவரம் தொகுத்தவர் தமிழ்ப் பெயரைக் கேட்டு எழுதினால் மட்டும் போதாது. சொல்பவர் எதனை அளவாகக் கொண்டு பெயரிட்டார் என்பதையும் அறிய வேண்டும். அதற்குத் தமிழறிவு வேண்டும். மிஷனரிகள் கம்பெனி மருத்துவர்களினின்றும் வேறுபட்டு நின்றது இங்கேதான். தமிழில் உரையாடவும் எழுதவும் அவர்கள் தம் பணியின் பொருட்டே பயின்றிருந்தனர்.

அரிதாகத் தமிழ்ப் பெயர் லத்தீனுக்குள் புகுந்ததும் உண்டு. ஒதிய மரத்திற்கு ராக்ஸ்பர்க் இட்ட ‘ஓடினா வோடியர்’ என்ற பெயரில் தமிழ்ப் பெயரின் ஒலியைக் கேட்கலாம். ‘ஒதி பெருத்தால் உத்தரமாகுமா’ என்னும் பழமொழி அம்மரத்தின் வலுவின்மையைத் தமிழர் நன்கறிந்திருந்ததைக் காட்டும். இன்று அம்மரம் லன்னியா கோரமண்டலிகா எனப்படுகிறது. மரப்பெயர் நீங்கிக் கரையின் பெயர் மட்டும் நின்றது. ரோட்லரின் நினைவாக ராக்ஸ்பர்க் ‘ரோட்லெரா டிங்டோரியா’ எனப் பெயரிட்ட சாயமரமும் இன்று மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் ஆகிவிட்டது. அதன் காயிலிருந்து பெறும் சிவந்த சாயத்தூளைக் குறிக்கும் கபிலப்பொடி என்ற தமிழ்ச்சொல் மாறவில்லை. லத்தீன் பெயர் நிலையானது, வட்டாரப் பெயர் மாறக்கூடியது என்ற பொதுக்கருத்து எல்லாவிடத்தும் பொருந்துவதன்று என்பதற்கு இவை சான்றுகள்.

தாவரத் தாளிலிருந்து அகராதிக்கு

கழகத்தாருள் இருவர் தமிழியல் வரலாற்றிலும் இடம்பெறுவோர். ஒருவர் 1771இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் (1747–1813). சங்குகளையும் மீன்களையும் தாவரங்களையும் தொகுத்த இவர் ஔவையாரின் வரலாற்றையும் நூல்களையும் பற்றி ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ ஏழாம் தொகுதியில் ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு மீனினம் ஜோனியஸ் என இவர் பெயரால் வழங்குகிறது. இவரிடம் தரங்கம்பாடியில் பயின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ (1800) புதிய வானியல், புவியியல் செய்திகளைக் குறவஞ்சி வடிவத்துள் கொணர்ந்தது. தரங்கம்பாடியின் அறிவியல் சூழல் ஐரோப்பாவை நோக்கி மட்டும் பாயவில்லை, தமிழ் இலக்கியத்தையும் தொட்டது என்பதற்கு இது சான்று.

மற்றவர் ஜான் பீட்டர் ரோட்லர் (1749–1836). 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து மறைந்தார். அறுபதாண்டுக் காலம் தமிழ் மண்ணில் வாழ்ந்த இவர் தாவரவியலார், மொழிபெயர்ப்பாளர், அகராதியாளர் என முத்துறையில் உழைத்தவர். சென்னை அறுவை மருத்துவர் ஐன்ஸ்லி 1813இல் சென்னையிலும் 1826இல் விரிவாக லண்டனிலும் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல்களில் மருந்துகளின் தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றன. அவற்றில் ரோட்லரின் பெயரையும் காணலாம். ரோட்லரின் தமிழ்–ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அச்சுப்பணி முடியுமுன் அவர் காலமானார். வில்லியம் டெய்லரும் தி. வேங்கடாசல முதலியாரும் எஞ்சிய பணியை நிறைவு செய்தனர்.

பெப்ரிசியஸின் அகராதியை அடிப்படையாகக் கொண்டே ரோட்லர் தம் அகராதியை விரித்தார். அவ்விரிவில் தாவரங்களுக்கான லின்னேய முறைப் பெயர்கள் இடம்பெற்றதற்கு அவருடைய கள அனுபவம் துணைநின்றது. இப்பெயர்கள் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கும், அவ்வழியே சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1939 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் மரபுக்கும் அடித்தளமாயின.

இதனால் அகராதி ஆய்வுக்கு ஒரு பயனும் உண்டு. லத்தீன் பெயர்கள் காலந்தோறும் மாறியவை. அகத்தியை லின்னேயஸ் 1753இல் ரொபினியா எனவும், பின்னர் ஏஸ்கினோமினே எனவும் வகுத்தார். வில்டெனோ 1802இல் கொரோனில்லா என்றார். இன்று அது செஸ்பேனியா. ஓர் அகராதிப் பதிவில் அகத்திக்குக் கொரோனில்லா என்றிருப்பின், அப்பதிவு 1779ஆம் ஆண்டு அகராதியிலிருந்து வந்ததன்று என உறுதியாகக் கூறலாம். ரோட்லர் தாவரம் அனுப்பியதும் அதே வில்டெனோவுக்கே. ஆகவே லத்தீன் பெயர்களைக் கொண்டு அகராதிப் பதிவுகளின் கால அடுக்குகளைப் பிரித்தறிய இயலும்.

இதே காரணத்தால் எச்சரிக்கையும் தேவை. கீழாநெல்லிக்குப் பழைய அகராதிகளும் மருத்துவ நூல்களும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. அப்பெயர் அமெரிக்கச் செடிக்கே உரியது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. தமிழ்ப் பெயர் பிழையன்று. அதற்கு எதிரே எழுதப்பட்டதே பிழை. பேரகராதியின் லத்தீன் பெயரை அப்படியே எடுத்தாண்டு சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளங்காண்பது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மயக்கங்களை ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாடல்மேல் ஏற்றுவதாக முடியும்.

பெயர் பெறாதோர்

கழகத்தார் பெயர்கள் தாவரங்களில் நிலைத்தன. கோனிக்குக் கறிவேப்பிலையிலும், ஹெய்னேக்கு ஹெய்னியா என்ற பேரினத்திலும் நினைவுச்சின்னம் உண்டு. செடியைக் காட்டி, பெயரைச் சொல்லி, பயனை விளக்கிய சோழமண்டலக் கரை மக்களுக்கு அவ்வகை நினைவு வாய்க்கவில்லை. கேரளத்து இட்டி அச்சுதனுக்கு 1678இல் கிடைத்த இடம் நூறாண்டுக்குப் பின்னும் தரங்கம்பாடித் தாவரங்களை வெளியிட்ட ஐரோப்பிய நூல்களின் முகப்பில் எந்தத் தமிழ் வைத்தியருக்கும் கிடைக்கவில்லை.

இது தனிமனிதர் குற்றமாக மட்டும் கருதத்தக்கதன்று. அறிவுமுறையின் மாற்றமே முதற்காரணம். ரீடின் நூலில் தாவரத்தின் மருத்துவப் பயனும் வட்டாரப் பெயரும் முதன்மை பெற்றன. ஆகவே வைத்தியரின் சான்றுரை நூலுக்கு வலுவூட்டியது. லின்னேய முறையில் உலர்ந்த தாவரமும் லத்தீன் விளக்கமுமே சான்று. சொன்னவரின் சொல் சான்றாகாதபோது அவர் பெயரும் தேவையற்றதாயிற்று. ‘நம்மால்’ என்று எழுதிய கழகத்தாரின் ‘நம்’ உளப்பாட்டுத் தன்மைப் பன்மை அன்று. அதில் அவர்களுக்குச் சொல்லித்தந்தவர் அடங்கவில்லை.

நிலை மெல்ல மாறியது. ரோட்லர், கிளைன், ஹெய்னே ஆகியோரின் தாவரங்களையும் பயன்கொண்டு 1834இல் தீபகற்ப இந்தியத் தாவரநூலை வெளியிட்ட இருவருள் ஒருவரான ராபர்ட் வைட், தம்மிடம் பணிபுரிந்த ஓவியர்களான ரங்கய்யா, கோவிந்து ஆகியோரின் பெயர்களைப் பதிவு செய்தார். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்தூயியா எனப் பெயரும் சூட்டினார். தமிழைப் பொறுத்தவரை வேங்கடாசல முதலியாரின் பெயர் அகராதியின் முகப்பில் இடம்பெற்றது. தாவரத் தாளில் கிடைக்காத ஒப்புகை அகராதியில் கிடைத்தது எனலாம். மொழியறிவுக்குத் தமிழறிஞரின் சொல்லே சான்று என்பதை அகராதித்துறை ஏற்றமையே இதற்குக் காரணம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஐக்கிய சகோதரர் கழகம் இந்தியத் தாவரவியலின் வரலாற்றில் மட்டுமன்றித் தமிழ் அகராதியியலின் வரலாற்றிலும் இடம்பெற வேண்டியது. இன்றைய அகராதிகளில் தமிழ்ப் பெயரையும் லத்தீன் பெயரையும் இணைக்கும் மரபின் ஒரு வேர் ரோட்லரின் வழியே இக்கழகத்தைச் சேர்கிறது. அவ்விணைப்புகள் காலத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே இலக்கியத் தாவரங்களை அடையாளங்காண்போர் அவற்றை ஆராய்ந்தே கொள்ள வேண்டும்.

ரோட்லரின் தாவரத் தொகுப்பு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று பின்னர்க் கியூ தாவரகத்தை அடைந்தது. கோனிக்கின் தாவரங்கள் லண்டன், லுண்ட், கோபன்ஹேகன் தாவரகங்களில் உள்ளன. வில்டெனோவின் தொகுப்பு 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பெர்லின் தாவரகம் எரிந்தபோதும் தப்பியது. இத்தாள்களையும் ஹாலே ஆவணக்காப்பகத்து மடல்களையும் இதுவரை பெரிதும் படித்தோர் தாவரவியலாரும் சமய வரலாற்றாசிரியருமே. அவற்றிலுள்ள பெயர்க்குறிப்புகளைத் தமிழ்ச் சொற்களாக, வட்டார வழக்குகளாக, எழுத்துப்பெயர்ப்பு வடிவங்களாக வாசிப்பது தமிழாய்வாளரின் கடமை. 1834ஆம் ஆண்டு அகராதிக்கு முன், இரு நூற்றாண்டுகளுக்கும் அப்பால், காவிரிக் கழிமுகத்து மக்கள் ஒரு செடியை என்ன பெயரால் அழைத்தனர் என்பதற்கு அத்தாள்களும் மடல்களும் நேர்ச்சான்றாக அமையவல்லன. சொன்னவரின் பெயரை இனி மீட்க இயலாது போகலாம். அவர் சொன்ன பெயரை மீட்பது நம்மால் இயலும்.